எண் 7: கழுத்துப் பாரம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்திரை மாதம் ஒரு விடிகாலையில், கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்த அம்மாவின் இடது கையில் சுருட்டைவிரியன் கடித்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இப்போதும் மடங்குவதில்லை.

2. அப்பாவும் அம்மாவும் இனித் தரையில் படுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

3. அப்பாவின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற மாதிரி, இரண்டு சக்கரத்தில் ஒரு தகர அறை செய்தோம்.

4. அறையை வண்டியோடு இணைக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்தேன். அவற்றில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

5. அப்பாவுக்குப் பதினோரு வரியில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது வரியில் பாதியைத்தான் எழுதினேன்.

6. தை மாதம், நாலுவழிச் சாலையில், ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் அறை ஆடத் தொடங்கியது. வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்தது.

7. அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

8. ஏழாவது வரியைப் பற்றி ஐந்து மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவும் அம்மாவும் கரி போடுகிறவர்கள். பயிர் ஏறாமல் சீமைக்கருவேலம் மண்டிப்போன புஞ்சைகளை அவற்றின் சொந்தக்காரர்கள் வெட்டிக்கொள்ளச் சொல்லி விடுவார்கள். மரத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோல் போட்டு மண் பூசி, உள்ளே தீ வைத்தால் மூட்டம் எட்டுப் பத்து நாள் புகைந்துகொண்டிருக்கும். அத்தனை நாளும் ஆள் கூடவே இருக்க வேண்டும். மண்பூச்சில் எங்காவது கண் திறந்து காற்று உள்ளே போனால், கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். அதனால் படுக்கையும் மூட்டத்துக்குப் பக்கத்தில்தான். ஒரு தார்ப்பாய், கீழே இரண்டு சாக்கு. கோடையில் கரிசல் கையகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் படுப்பார்கள்.

ஒரு புஞ்சையில் இரண்டு மூன்று மாதம். பிறகு அடுத்த புஞ்சை. கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அதில் பெரும்பாலும் நான்தான் இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு நூற்பு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் வேலையின் பெரும்பகுதி பட்டியல்கள்தான். எந்த பேரிங்குக்கு எப்போது கிரீஸ், எந்த பெல்ட் எவ்வளவு இழுவிசை. ஒவ்வொரு அளவுக்கும் அதில் இரண்டு எல்லைகள் இருக்கும், மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று. இதை இங்கே சொல்லிவைப்பது அவசியம்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் போனில் கேரவன் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் வெள்ளை வீட்டை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். இரண்டு சக்கரம், இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு. எல்லாம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தன. எனக்கு வேண்டியது அந்த இரண்டடிதான்.

கோவில்பட்டியில் ட்ராக்டர் டிரெய்லர் செய்கிற ஒரு பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேரவனா? சினிமாக்காரவிய உள்ள இருந்து மேக்கப் போடுவாவள்லா, அதா?"

"அதுதான் அண்ணாச்சி. ஆனா சின்னது. அப்பாவும் அம்மாவும் படுக்கதுக்கு."

"மூட்டத்துப் பக்கத்துல கேரவனு! ஒங்க அம்மை எந்தப் படத்துல கதாநாயகி?"

"பாம்பு கடிச்ச படத்துல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அளவு எடுக்க டேப்பைத் தேடினார். அதற்குப் பிறகு கிண்டல் செய்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஆங்கிள் இரும்பில் சட்டம், தகரச் சுவர், இரண்டு ஜன்னல், பின்பக்கம் கதவு. அச்சுக்கு முன்னால் இருநூறு லிட்டர் நீல டிரம்முக்கு ஒரு மேடை. டிரம்மை அங்கே வைக்கச் சொன்னது நான்தான். ஏன் அங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சண்டை வந்தது இணைப்புச் சாமானில்.

"இதுக்குப் போயி ஏம்மா மெனக்கெடுத? ட்ராக்டருக்கு மாட்டுத கொக்கி அந்தா கெடக்கு. ஒரு பின்னு போட்டாப் போச்சு."

"பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவுல இடம் இருக்கு அண்ணாச்சி. ட்ராக்டர் இருவதுல போவும். அப்பா வண்டி அம்பது அறுவதுல போவும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இடிக்கும். இடிச்சு இடிச்சு ஓட்டை பெருசாகும்."

"பெருசானா வேற பின்னு."

"பந்து இணைப்புதான் வேணும். கோயம்புத்தூர்ல இருந்து வரவழைக்கேன்."

"பந்து மேல வீட்டத் தூக்கி வைக்கப் போற. சர்க்கஸ்ல யான செய்யும், பாத்திருக்கேன்."

பந்து வந்தது. ஐம்பது மில்லிமீட்டர். அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்கிற இரும்புக் கிண்ணம், பூட்டு விழுந்துவிட்டதைக் காட்ட ஒரு பச்சைக் கோடு. பந்தைத் தாங்கும் சட்டத்தை வண்டியின் பம்பரில் பற்றவைத்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். பம்பர் தகரம், சேஸியில்தான் மாட்ட வேண்டும் என்றேன். பற்றவைக்கவும் கூடாது, உயர்தர போல்ட் எட்டு, தளராத நட் எட்டு என்றேன். பந்து கழன்றாலும் அறை ஓடிப்போகாமல் இருக்க இரண்டு சங்கிலி, குறுக்காக. அறைக்குத் தனியாக பிரேக். வண்டி வேகம் குறையும்போது அறை முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலிலேயே பிடிக்கிற பிரேக். பின்விளக்குக்கு ஏழு முனை பிளக். வண்டிக்கு அகலக் கண்ணாடி இரண்டு. நிறுத்தினால் முன்பக்கத்தைத் தாங்க ஒரு குட்டிச் சக்கரம்.

"படிச்ச புள்ள பட்டறைக்கு வந்தா ஒரு வேல மூணு வேல ஆயிரும்" என்று அவர் வேலையாட்களிடம் சொன்னார். ஆனால் எட்டு போல்ட்டையும் என் கண் முன்னால்தான் முறுக்கினார்.

ஆவணியில் வேலை முடிந்தது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அரிசி, சிலிண்டர், கோடாரிகள் எல்லாவற்றையும் ஏற்றி, கரி மூட்டை நிறுக்கிற எங்கள் எடைமெஷினைக் கொண்டுவந்து அறையின் முன்நீட்டு இரும்புக்குக் கீழே வைத்தேன். பந்தின்மேல் எவ்வளவு பாரம் உட்காரும் என்று பார்ப்பதற்கு. எழுபத்து நான்கு கிலோ காட்டியது. அந்தப் பந்துச் சட்டத்துக்கு எண்பது வரை அனுமதி. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. எல்லைக்கு மிக அருகில் இருந்தது.

அப்பா குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"எழுவத்தி நாலா? இத்தனையையும் வண்டி கழுத்து எப்பமும் சொமக்கணுமா?"

"எம்பது வரைக்கும் தாங்கும்ப்பா. அதுக்கு மேல போகக் கூடாது. அதுதான் முக்கியம்."

அவர் நீட்டு இரும்பைத் தொட்டுப் பார்த்தார்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. பிக்கப் வாங்குவதற்கு முன்னால் அப்பா பத்து வருடம் மாட்டு வண்டியில் விறகு ஏற்றியவர். மாட்டு வண்டியில் முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கும், கழுத்துக் கயிறு இறுக்கும். இரண்டும் இல்லாமல், நுகம் கழுத்தில் பட்டும் படாமலும் இருக்கும்படி பாரம் ஏற்றுகிறவன்தான் வண்டிக்காரன். அப்பா ஒரு முறை மழைக்கு முந்திக்கொள்ளும் அவசரத்தில் முன்பாரமாகவே பல நாள் ஓட்டியிருக்கிறார். ஒரு மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்து, புழு வைத்து, கடைசியில் அடிமாட்டுக்குக் கொடுத்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

இழுத்துப்போகும் அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாடு நடக்கும் வேகத்துக்கு அது சரி. அறுபதில் போகும்போது முன்பக்கம் கொஞ்சம் அழுந்தத்தான் வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது பதினைந்தில் ஒரு பங்கு பந்தின்மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அறை நேராக வரும். பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் அறை வால் ஆட்டத் தொடங்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் வளரும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் டிரம் மேடையை முன்னால் வைத்தேன்.

அன்று மாலை ஒரு தாளில் பதினோரு வரி எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். பச்சைக் கோடு தெரிகிறதா. சங்கிலி குறுக்காக இருக்கிறதா. போல்ட் எட்டும் இறுக்கமா. குட்டிச் சக்கரத்தைத் தூக்கியாயிற்றா. விளக்கு எரிகிறதா. இப்படி. ஏழாவது வரி இது: "கழுத்துப் பாரம் 80 கிலோவுக்கு மேல் போகவே கூடாது. எடைமெஷினில் வைத்துப் பார்க்கவும்." சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன்.

கழுத்துப் பாரம் என்ற சொல்லும் நான் எழுதியதுதான். அப்பாவுக்குப் புரியட்டும் என்று அவருடைய சொல்லையே எடுத்தேன்.

முதல் பயணம் புதூர்ப் பக்கம் ஒரு புஞ்சைக்கு. டிரம் காலி, சாலையும் குறுகல், அப்பா நாற்பதுக்கு மேல் போகவில்லை. அறை ஒழுங்காக வந்தது. அம்மா முதல் வாரமே ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை தைத்துவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இனி பாம்பு வந்தாலும் கதவத் தட்டிட்டுத்தான் வரணும்" என்றாள்.

"தட்டுனா நீ தெறந்து வைப்ப" என்றார் அப்பா வெளியிலிருந்து. "காப்பி குடிக்கியான்னு கேப்ப."

மழைக்காலத்தில் சக்கரம் கரிசலில் பாதி இறங்கியது. மழை விட்டு மண் இறுகியதும் வெட்டி எடுத்தார்கள். நான்கு மாதம் அவர்கள் இருவரும் தரையில் படுக்கவில்லை. அந்த நான்கு மாதத்தை நான் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

தையில் ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பெரிய புஞ்சை கிடைத்தது. அங்கே தண்ணீர் உப்பு. அதனால் குடிக்கவும் சமைக்கவும் டிரம் நிறைய நல்ல தண்ணீர் கொண்டுபோவதாக முடிவு. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஞாயிறு. வழக்கமாக நான் போயிருப்பேன். ஆலையில் இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் நாள் அது, போக முடியவில்லை.

அன்று அப்பா டிரம்மை முன்னாலிருந்து எடுத்துப் பின்பக்கம் கதவோரம் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, தண்ணீர் நிரப்பினார். அரிசி மூட்டையையும் பின்னால் தள்ளினார். கதவோரம் குழாய் இருந்தால் கை கழுவ வசதி என்று அம்மாவும் சந்தோஷப்பட்டாள். பிறகு அவர் எடைமெஷினை எடுத்துவந்து, பட்டியலில் சொன்னபடி, நீட்டு இரும்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் நாலுவழிச் சாலையில் ஏறினார்கள். அம்மா பக்கத்து சீட்டில் இருந்தாள். அவள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். மேம்பாலம் ஏறும்வரை ஒன்றும் இல்லை. இறங்கும்போது, பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிற மாதிரி இருந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். அடுத்த ஆட்டத்தில் அறை ரோட்டுக்குக் குறுக்கே வந்துவிட்டது. பிறகு வானம் கண்ணாடிக்குக் கீழே இருந்தது என்றாள்.

வேறு வண்டி எதிலும் மோதவில்லை. வேறு யாருக்கும் காயம் இல்லை. அம்மாவுக்கு இரண்டு விலா எலும்பு. அப்பாவின் கால் கதவுக்கும் ரோட்டோரக் கல்லுக்கும் நடுவில்.

அவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த இடம் வழியில் வந்தது, இறங்கிவிட்டேன். அறை ஒருக்களித்துக் கிடந்தது. டிரம் உடைந்து இருநூறு லிட்டரும் ரோட்டோரக் கரிசலில் இறங்கியிருந்தது. நடந்தால் செருப்பு ஒட்டியது. நான் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எட்டும் இருந்தன. சங்கிலி இரண்டும் இருந்தன. பந்து கிண்ணத்துக்குள் இருந்தது. பச்சைக் கோடு தெரிந்தது.

பட்டியல் தாள் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. பதினோரு வரிக்கும் நேராக உறையின்மேல் பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி டிக் போட்டிருந்தார். ஏழாவது வரிக்கு நேராக மட்டும் டிக்கோடு எழுத்தும் இருந்தது: "5 கிலோ. சரி."

அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பட்டறைக்காரர் வந்தார். வார்டு வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தப்பா நெனைக்காத. அந்தப் பழைய பின்னு போட்டிருந்தா அறுந்துபோயிருக்கும். வீடு மட்டும் கவுந்திருக்கும், வண்டி தப்பிச்சிருக்கும். நீ கழறாத சாமானாப் பாத்து வாங்கிட்ட."

இதற்கு எதிராகச் சொல்லக் காரணங்கள் இருந்தன. அறுந்த அறை எதிர்ப்பக்கம் போய் வேறு யாரையாவது கொன்றிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்.

உள்ளே அப்பா விசாரிக்க வந்த எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ்காரரிடம், நர்ஸிடம், சொந்தக்காரர்களிடம். "எம் மவ எல்லாம் சரியாத்தான் செஞ்சு குடுத்தா. நான்தான் பாரத்தப் பின்னால தள்ளுனேன்." அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு அவரை ஏசினாள். "மாட்டுக்குப் பாவம் பாத்தது போதாதுன்னு இரும்புக்குப் பாவம் பாத்தாரு மனுசன். அது அழுதுச்சா ஒங்ககிட்ட?"

நான் பக்கத்தில் நின்றேன். பை தோளில் இருந்தது.

சொல்லாததற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. முதலில் அறுவை. பிறகு காய்ச்சல். பிறகு புண் ஆற வேண்டும். பிறகு கட்டைக்கால் அளவெடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் நான் வரிசையாக எழுதியே வைத்திருந்தேன். ஐந்து மாதம் ஓடியது. தாள் ஆலையில் என் லாக்கரில் இருந்தது. இயந்திரங்களின் பராமரிப்புப் பட்டியலைத் தினமும் அதற்குப் பக்கத்திலிருந்துதான் எடுத்தேன். அவற்றில் ஒவ்வொரு அளவுக்கும் கீழ் எல்லை அச்சிட்டிருந்தது.

ஆனியில் ஒரு நாள் அம்மாவின் அண்ணன் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் சொன்னார்: "மாட்டு வண்டிக்காரனுக்கு எதுக்கு மாப்ள இந்தக் கேரவனு சோலியெல்லாம்? படிச்ச புள்ள எழுதிக் குடுத்தும் மண்டைல ஏறலன்னா என்ன செய்ய?" அப்பா, "ஆமா, தப்புதான்" என்று தலையை ஆட்டினார். காலை வைத்திருந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே ஆட்டினார். அந்த மாட்டின் கதையைச் சொல்லும்போது இருக்கும் முகம் அது.

மாமா போன பிறகு தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

"அப்பா, இதுல ஏழாவது வரியில பாதிதான் இருக்கு. எம்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு எழுதுனேன். அம்பத்தஞ்சுக்குக் கீழயும் போகக் கூடாது. அத எழுதல."

"கீழ போனா என்ன?"

"ஆடும். அஞ்சு கிலோல நின்னா கண்டிப்பா ஆடும்."

"ஒனக்குத் தெரியுமா இது? அப்பமே?"

"தெரியும்."

அவர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, தன்னுடைய எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னுடைய எழுத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது கோபம். இல்லாவிட்டால், பரவாயில்ல விடு என்று சொல்வார் என்றும் நினைத்திருந்தேன்.

"அப்ப எழுதிருக்கலாம்லா, ஏட்டி" என்றார்.

தாளை என்னிடம் நீட்டி, "ஒங்க அம்மைட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொல்லு. என்னயவே ஏசிக்கிட்டுக் கெடக்கா."

இப்போது நிலவரம் இது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் அப்பாவை ஏசுவதில்லை. என்னையும் ஏசுவதில்லை. மாமாவிடம் அப்பாவே சொல்லிவிட்டார், எந்த வார்த்தையில் என்று எனக்குத் தெரியாது. பிக்கப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அறையை நிமிர்த்தி, கிழிந்த தகரத்தை மாற்றி, சக்கரம் இல்லாமல் நான்கு சிமெண்டுக் கல்லின்மேல் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். பகலில் அப்பா அதில் படுத்திருக்கிறார். பந்தும் கிண்ணமும் சங்கிலியும் எட்டு போல்ட்டும் ஒரு சாக்கில் கட்டி என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. அப்பாவால் இனி மூட்டம் போட முடியாது. அம்மா புதூர்ப் பக்கம் வேறொருவரின் மூட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்குகிறாள். தார்ப்பாய்க்குக் கீழே, தரையில் படுக்கிறாள்.